இடப்பக்கம் நிறை, வலப்பக்கம் குறை

வேலை நிரந்தரமாக இன்னும் நான்கே நாள் இருக்கும்போது, வீடியோ கேம் வார இதழின் பக்க வடிவமைப்பாளர் ஒரு தப்பு செய்துவிட்டாள்.

'துரு வாள்' என்ற ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடரை வைத்து ஒரு கேம் வந்திருந்தது. அதன் விமர்சனத்துக்குக் கீழே வழக்கம்போல இரண்டு பெட்டிகள்: நிறை, குறை. தலைப்புகள் இடம் மாறி அச்சாகிவிட்டன. போன வாரப் பக்கத்தைத் திறந்து அதன்மேலேயே புது வரிகளைக் கொட்டியிருந்தாள். போன வாரம் குறை இடப்பக்கம் இருந்தது. 'குறை'யில் றகரம் சரியா என்று மூன்று முறை பார்த்தவள், அது எந்தப் பெட்டியின் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கவில்லை.

ஆக, வாசகர்கள் படித்த நிறைகள்: நாயகன் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் எட்டு நிமிடம் பேசுகிறான், தாண்டிப்போக வழியில்லை, பேசி முடிக்கும்வரை எதிரி கைகட்டி நிற்கிறான், ஒரே குகைக்கு ஒன்பது முறை போகவேண்டும். குறைகள்: தொடரில் கேட்ட அதே குரல்கள், கண்ணைப் பறிக்கும் ஓவியம், நிஜம்போலப் பெய்யும் மழை.

விமர்சகரை அலுவலகத்தில் நீதிபதி என்பார்கள். அது கிண்டல் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. செத்த எலியைப்போல இதழை இரண்டு விரலில் தூக்கிக்கொண்டு வந்தார். இது கைப்பிழை அல்ல, சதி என்றார். பின்னட்டையில் அதே கேமின் முழுப்பக்க விளம்பரம் இருப்பதைச் சுட்டிக்காட்டிவிட்டு ஆசிரியரை ஒரு பார்வை பார்த்தார். ஆசிரியருக்கோ, ஊரெல்லாம் தன் பெயர் அடிபடவேண்டும் என்று நீதிபதியே செய்த வேலை இது என்று சந்தேகம். ஒருவரையொருவர் நம்பாத இருவர் ஒத்துப்போக மூன்றாவது ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"கை தவறினதா, இல்ல யாராவது சொல்லிச் செஞ்சதா?" என்றார் ஆசிரியர். "சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடுங்க."

கை தவறியது என்றால் கவனக்குறைவு. யாரோ சொன்னார்கள் என்றால் சதி. எப்படி எழுதினாலும் வேலை போகும் என்று அவளுக்குப் புரிந்தது. இரண்டு வரி எழுதியிருப்பாள், நாத்தனார் போன் செய்தாள். அந்தத் தொடரைச் சோறு தண்ணி இல்லாமல் இரண்டு முறை பார்த்தவள்.

"அண்ணி, உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்காவது தொடர் புரிஞ்சிருக்கே. பேச்ச எடுத்துட்டா அப்புறம் அவன் யாரு? அவன் பேசிப் பேசித்தானே வாளே துருப்பிடிச்சுது."

கேலி செய்கிறாளோ என்று இவளுக்குச் சந்தேகம். மழையைப் பற்றிக் கேட்டாள்.

"தொடர்ல மழை ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரிதான் பெய்யும். இதுல அழகாப் பெய்யுது. துரோகம், அண்ணி."

மதியத்துக்குள் இதே கருத்தில் வாசகர்களிடமிருந்து இருநூறு மின்னஞ்சல்கள் வந்தன. கேம் நிறுவனத்தின் விளம்பர அதிகாரியும் ஆசிரியரை அழைத்தார். நாயகனின் அந்த எட்டு நிமிட வசனங்களை எழுதியது அவர்கள் முதலாளியாம். அவற்றை நிறையில் சேர்த்த முதல் பத்திரிகை இதுதானாம். முதலாளிக்குக் கண்ணீரே வந்துவிட்டதாம். பக்கத்தில் நின்று கேட்ட நீதிபதி தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். பத்து நிமிடம் கழித்துத் தலை வாரிக்கொண்டு வந்து, தலைப்புகளை மாற்றியது தான்தான் என்றும், வாசகரைச் சோதிக்கும் உத்தி அது என்றும் அறிவித்தார்.

இப்போது ஆசிரியருக்கு அவளிடமிருந்து வேறு மாதிரி கடிதம் வேண்டியிருந்தது.

"மேடம், என் சொல்படிதானே மாத்துனீங்க? ஞாபகம் வருதில்ல?" என்றார் நீதிபதி.

அந்த அலுவலகத்தில் அவளிடம் யாரும் அவ்வளவு கனிவாகப் பேசியதில்லை. அதுவே அவளை உஷாராக்கியது. நாளைக்குக் காற்று திசை மாறினால் இந்தச் 'சொல்படி' யார் தலையில் விடியும்?

"நீங்க சொன்னத முதல்ல நீங்க எழுதிக் குடுங்க சார். கீழ நான் கையெழுத்துப் போடுறேன்."

நீதிபதி இரண்டு பக்கம் எழுதி, அரைப்பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அவள் ஒரு நகல் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரமாயிற்று.

அடுத்த வாரம் நீதிபதியின் புது விமர்சனம் பக்கம் வடிவமைக்க அவள் மேசைக்கு வந்தது. அடியில் இரண்டு பட்டியல்கள். இரண்டுக்குமே தலைப்பு இல்லை. மறந்துவிட்டாரோ என்று போய்க் கேட்டாள்.

"வாசகர் நாடி உங்களுக்குத்தான் பிடிபடுது மேடம். நீங்களே போட்டுருங்க."

பாராட்டுப் போலத்தான் இருந்தது. சரியாகப் போனால் உத்தி அவருடையது. தப்பாகப் போனால் கை இவளுடையது. தாளை அவர் மேசைமேல் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்க கையாலயே எழுதுங்க சார். நான் காத்திருக்கேன்."

நான்கு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகவேண்டும். நீதிபதி இடப்பக்கப் பட்டியலைப் படித்தார், வலப்பக்கத்தைப் படித்தார். 'நி' என்று எழுதி அடித்தார். மூன்றே முக்காலுக்குக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இந்த கேமை நீங்க ஆடிப் பாத்தீங்களா?"

"இல்ல சார். நீங்க?"

நீதிபதி மறுபடியும் இடப்பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.