பன்றி பிடித்தவன் ஓட்டு

ஆல்டன்பரியில் புதுமாப்பிள்ளைக்கு ஊர்க்கூட்டம் செய்யும் சீர் ஒன்றுண்டு: அந்த வருஷம் பட்டியை விட்டு ஓடும் பன்றிகளைப் பிடிக்கும் உத்தியோகம். புதுமாப்பிள்ளை ஜாபெஸும் பல்லைக் கடித்துக்கொண்டு பிரமாணம் எடுத்திருந்தான்.

இங்கிலாந்து ராஜாவை விரட்டியாயிற்று. இனி மாசசூசெட்ஸை யார், எப்படி ஆள்வது என்று பாஸ்டனில் சாசனம் எழுதி, ஊர் ஊராகச் சம்மதம் கேட்டிருந்தார்கள். இந்த ஒரு தடவை வயதுவந்த ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு. இனிமேல் அறுபது பவுண்டு சொத்துள்ளவனுக்கு மட்டும்தானாம். அதுவும் சாசனத்திலேயே இருந்தது. ஜாபெஸின் சொத்து ஒரு துப்பாக்கி, ஒரு பானை, மனைவி மெகிட்டபெல்.

"ஒண்ணுமில்லாதவனுக்கு ஊர்மேல என்னடா அக்கறை?" என்றார் கோயில் மூப்பர் எலிஃபலெட்.

"சண்டைக்குக் கூப்பிட்டப்ப சொத்தக் கேக்கலியே, ஐயா?"

அந்தச் சொத்து ஷரத்து வேண்டுமா கூடாதா என்று கூட்டம் நடந்த கூடம் சரிபாதியாகப் பிரிந்து நின்றது. கை தூக்கும் நேரத்தில் சன்னலோரம் ஒருவர் கத்தினார். "பாதிரியார் தோட்டத்துல பன்னி!"

"ஓடு மாப்ள, உன் உத்தியோகம்!" என்று இளித்தார் மூப்பர். பன்றி அவருடையதுதான். பட்டியின் படல் தானாகவா திறக்கும்? மூப்பரின் சூழ்ச்சி ஜாபெஸுக்குப் புரிந்தது. ஆனால் பிரமாணம் பிரமாணம்தானே, ஓடினான்.

தோட்டத்தில் மெகிட்டபெல் சேற்றில் புரண்டு, பன்றியின் பின்னங்காலைப் பிடித்திருந்தாள்.

"நீ எதுக்கு வந்த? போய்க் கையத் தூக்கு!"

"நான்தானே புடிக்கணும்..."

"புருஷன் பொண்டாட்டி ஒரே ஆளுன்னுதானே சட்டம்? அப்ப நீதான் புடிச்சிருக்க. ஓடுய்யா!"

ஓடிவந்து கை தூக்கினான். ஒரே ஓட்டு வித்தியாசத்தில், அந்த ஷரத்து கூடாது என்று ஊர் தீர்மானித்தது. வேலையை விட்டு வந்தவன் ஓட்டு செல்லாது என்று மூப்பர் குதித்தார். ஜாபெஸ் மனைவி சொன்ன சட்டத்தைச் சொன்னான். ஓட்டு செல்லும் என்றார் கூட்டத் தலைவர்.

அதற்குள் மெகிட்டபெல் பன்றியோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஒரே ஆளுதானே? அடுத்த ஓட்ட நான் போடுறேன். இவரு பன்னி புடிக்கட்டும்."

கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எழுத்தர் பேனாவை மையில் தோய்த்தார். "இதையும் எழுதவா, ஐயா?"

"பன்னி அகப்பட்டதுன்னு மட்டும் எழுது" என்றார் தலைவர்.

ஜாபெஸும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். அவளுடைய முழங்கையில் ரத்தம் கசிவதைக் கண்டதும் வெட்கமாகிவிட்டது. அவளுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாசலுக்குப் போய்ப் பன்றியின் மறுகாலைப் பிடித்துக்கொண்டான்.