நான்காவது வளைவில் வந்த இருமல்

பந்தயம் இதுதான். எட்வினின் சிவப்புக் கார் கள்ளக்குறிச்சியில் கிளம்பி, வழியில் எங்கும் நிற்காமல் வெள்ளிமலை ஏறிவிட்டால், சவரிமுத்து தன் மகள் ரீத்தாவை அவனுக்குக் கட்டிக்கொடுப்பார். நின்றுவிட்டால் அதோடு சரி.

"இருபத்தாறு வருஷம் அந்த மலைக்கு பஸ் ஓட்டுனவன் நானு. ஒருநாள் நட்டநடுவுல நின்னதில்ல. இவன் ரெண்டே ரெண்டு சீட்ட வெச்சிக்கினு பொண்ணு கேக்கறான். ஏத்திக் காட்டட்டும்" என்றார்.

எட்வினுக்குச் சங்கராபுரத்தில் மருந்துக்கடை. அந்த ஸ்போர்ட்ஸ் காரைப் புதுச்சேரியில் பழையதாக வாங்கியிருந்தான். பானட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் மாட்டான். ரீத்தாவுக்கு அவனைப் பிடித்துப்போனதே அதனால்தான். ஆனால் சம்மதமா என்று வீட்டில் கேட்டபோது, குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்டது போலத் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவளுக்கு நாலு வார்த்தை சேர்த்துப் பேச வராது. இயற்பியல் படித்துவிட்டு டூவீலர் சர்வீஸ் சென்டர் ஒன்றில் கவுண்டர் வேலைக்குச் சேர்ந்தாள். வந்தவர்களிடம் வாயே திறக்காததால் ஒரே வாரத்தில் உள்ளே மெக்கானிக்குகளோடு அனுப்பிவிட்டார்கள். என்ஜின்கள் அவளிடம் எதையும் கேட்கவில்லை. அவை சொல்வதைக் கேட்டால் போதும்.

சனிக்கிழமை காலை, கள்ளக்குறிச்சியில் தன் வீட்டு வாசலில் நின்ற காரின் பானட்டைத் திறக்கச் சொல்லி, சவரிமுத்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். ரீத்தா அப்போது பின்பக்கம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தாள். கார் சீட்டுகள் இரண்டிலும் எட்வினும் சவரிமுத்துவும் ஏறிக்கொள்ள, ரீத்தா ஸ்கூட்டரில் பின்னால் போனாள்.

கச்சிராயபாளையம் வரை கார் ஒழுங்காகவே போனது. கோமுகி அணை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இரும ஆரம்பித்தது. மூன்று மூச்சுக்கு ஓர் இருமல். நான்காவது வளைவில் முழு உடம்பும் குலுங்கி ஓரமாக நின்றது.

சவரிமுத்து இறங்கினார். முகத்தில் திருப்தி.

"இன்னாப்பா, வண்டிக்கு உன் கடையிலயே ஒரு இருமல் மருந்து குடுக்கறது."

"பாக்கறேன் மாமா."

"மாமா இன்னும் ஆவல."

அந்த நேரம் பார்த்துத்தான் வெள்ளிமலை பஸ் வந்தது. டிரைவர் ராமசாமி தலையை வெளியே நீட்டினார். "இன்னா சவரி, தள்ளிக்கினு போவறதுக்கா இவ்ளோ செவப்பா வாங்குனீங்க?" பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டே வளைவில் மறைந்தது. எட்வினின் காது, காரின் நிறத்துக்கு வந்தது.

ரீத்தா ஸ்கூட்டரின் டூல்ஸ் பையை எடுத்தாள். பானட்டைத் தூக்கி, என்ஜின் மேலிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினாள். ஸ்டார்ட் செய்யும்படி எட்வினுக்குக் கையால் காட்டினாள். நான்கு சிலிண்டர், அவற்றின் பிளக்குகளுக்குத் தீப்பொறி தர நான்கு காயில். ஒவ்வொரு காயிலின் வயரையும் பிடுங்கி, சத்தத்தைக் கேட்டு, மறுபடி மாட்டினாள். முதலாவதைப் பிடுங்கியதும் என்ஜின் தடுமாறியது. இரண்டாவதுக்கும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கியபோது என்ஜினுக்கு அது தெரியவே இல்லை.

"இதுதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். "இது வேலையே செய்யல."

என்ஜினை நிறுத்திவிட்டுப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் காயிலைக் கழற்றி இழுத்தாள். அடியிலிருந்த ரப்பரில் ஈரம் சொட்டியது. பிளக் உட்கார்ந்திருந்த குழிக்குள் செல்போன் வெளிச்சம் அடித்தாள். தண்ணீர் பளபளத்தது. பிளக்கில் பாய வேண்டிய தீப்பொறி தண்ணீர் வழியாக ஓடிப்போயிருக்கிறது. சமதரையில் எப்படியோ சமாளித்த வண்டி, பாரம் இழுக்கும்போது மாட்டிக்கொண்டது.

"உள்ள எப்பிடித் தண்ணி போச்சு?" என்றார் சவரிமுத்து.

எட்வின் முந்திக்கொண்டான். "நேத்து நான்தாங்க கழுவுனேன்."

"பாத்தியா ரீத்தா? என்ஜின் மேல தண்ணி ஊத்தற ஆளு!"

ரீத்தா விரலால் ரப்பரைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. குழாய்த் தண்ணீர் இப்படிக் கரிக்காது. மாதா கோயிலில் உப்புப் போட்டு மந்திரித்த தீர்த்தம்தான் கரிக்கும். எட்வினைப் பார்த்தாள். அவன் மரத்தில் இருந்த குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேசாமல் இருந்துவிடலாம். இத்தனை வருடமும் அப்படித்தானே இருந்தாள். இருந்தால் அப்பா ஜெயித்துவிடுவார்.

"அப்பா, காலையில தீர்த்தம் எவ்ளோ தெளிச்சீங்க?"

"தெளிக்கறதா? மலை ஏறற வண்டி. பாட்டிலோட கவுத்தேன்."

"எந்த பாட்டில்?"

"ஒரு லிட்டர்" என்று சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

காருக்குள் மருந்துக்கடைச் சரக்குப் பெட்டி ஒன்று இருந்தது. எட்வின் அதிலிருந்து பெரிய சிரிஞ்சும் குளுக்கோஸ் ஏற்றும் குழாயும் பஞ்சும் எடுத்துத் தந்தான். ரீத்தா குழாயைக் குழிக்குள் விட்டு, தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினாள். குச்சியில் பஞ்சு சுற்றித் துடைத்தாள். ரப்பரை வெயிலில் காயவைத்து, காயிலைத் திரும்ப மாட்டினாள். எட்வின் சாவியைத் திருப்பினான். இருமல் இல்லை.

"வண்டி ரெடியாயிருக்கலாம்" என்றார் சவரிமுத்து. "ஆனா பந்தயம் பந்தயந்தான். நின்னுடுச்சு."

"அது நிக்கலப்பா. நீங்க நிறுத்துனீங்க." ரீத்தாவுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. "எனக்கு இவரத்தான் புடிச்சிருக்கு. பழியத் தன் தலையில போட்டுக்கினு நின்னாரு பாத்தீங்களா?"

சவரிமுத்து பானட்டைத் தானே இறக்கி மூடினார். பிறகு கையை நீட்டினார்.

"ஸ்கூட்டர் சாவியக் குடு."

"எதுக்குப்பா?"

"பின்ன, ரெண்டு சீட்டுல மூணு பேரு எப்பிடிப் போவறது? நான் முன்னால போறேன். நீங்க நிக்காம வாங்க."

எட்வின் சிரிஞ்சைத் தூக்கிக் காட்டினான். "இந்தத் தண்ணிய இன்னா பண்றது மா..." என்று இழுத்து, பாதியில் நிறுத்தினான்.

"மாமான்னே சொல்லு. கீழ கொட்டிடாத, மந்திரிச்சது."

சிரிஞ்சை வாங்கி, இருவர் தலையிலும் பீய்ச்சினார். "மொதல்லயே இங்க ஊத்தியிருக்கணும்" என்று ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு கிளம்பினார்.

ரீத்தாவின் நெற்றியில் வழிந்த தீர்த்தத்தில் ஆயில் வாசனை அடித்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.