மரத்துப்போன கை

அனுசியாவின் வலது முழங்கைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. லேசாகத் தட்டினாலே கட்டைவிரல் வரைக்கும் கரண்ட் அடிக்கும். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவளுக்கு அந்தக் கையில்தானா வந்து தொலைய வேண்டும்? போன மாதம் அவள் கண் எழுதிய ஒரு பலகை நிறைய பொம்மைகளும் மாறுகண்ணோடு நின்றன. கணவன் ரத்தினவேல் சுளுக்கு என்று தானே முடிவுகட்டி, விளக்கெண்ணெய் போட்டு உருவிவிட்டான். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் பூர்ணிமா ஸ்கேனைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"கேன்சர் இல்லம்மா. நரம்போட உறையில வளர்ந்த சாதாரணக் கட்டி. நரம்பை அறுக்காம கட்டிய மட்டும் எடுத்துடலாம். எப்பவாவது சிலருக்கு விரல்ல பலம் குறையறது உண்டு."

அத்தனை நல்ல சேதியையும் விட்டுவிட்டு அனுசியா கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டாள். பயந்தவர்களுக்குக் காது அப்படித்தான் கேட்கும். கையை மட்டும் மரத்துப்போகச் செய்வோம், உணர்வு திரும்ப நேரமாகும் என்று மயக்க மருந்து டாக்டர் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்ததும் முதல் வேலையாக விரலை மடக்கிப் பார்த்தாள். அசையவில்லை. இடது கையால் தொட்டால் வேறு யாருடைய கையையோ தொடுகிற மாதிரி இருந்தது.

"ஏங்க, கை போயிடுச்சுங்க."

ரத்தினவேல் அந்தக் கையைத் தூக்கி விட்டான். தொப்பென்று விழுந்தது. அவனுக்கு முகம் செத்துவிட்டது. நர்ஸைத் தேடி ஓடினான்.

"மரத்துப்போற ஊசி போட்டா மரத்துத்தாங்க இருக்கும். சாயங்காலம் சரியாப் பூடும். ஆபரேஷன் பண்ண கையத் தூக்கிப் போட்டு வெளையாடுறீங்களே!" என்று அதட்டி அனுப்பினாள் நர்ஸ்.

நம்பலாமா? எல்லாரிடமும் அப்படித்தானே சொல்வார்கள்? பட்டறையில் இனிமேல் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கத்தான் விடுவார்கள், அதற்கும் ரெண்டு கை வேண்டுமே என்று நினைத்து நினைத்து அழுதாள் அனுசியா. ரத்தினவேல் வாங்கிவந்த டீ ஆறிப்போனது.

வெயில் சாய்ந்தபோது தையல் போட்ட இடத்தில் சுருக்கென்றது. அப்புறம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலை நகர்த்தினாள். அது மெல்லப் போய் ஆள்காட்டி விரலைத் தொட்டது.

"ஏங்க, வலிக்குதுங்க! ரொம்ப வலிக்குது!"

ரத்தினவேலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சிஸ்டர், அவளுக்கு வலிக்குதாம்!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். நர்ஸ் வலி ஊசியோடு வந்தாள்.

அனுசியா வேண்டாமென்று தலையாட்டினாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"இருங்க சிஸ்டர். கொஞ்ச நேரம் வலிக்கட்டும்."