மறைப்புச் சேலை

இசக்கியம்மாள் மறைப்புக்கு இரண்டு பழைய சேலைகளை உதறிக்கொண்டு வந்தபோது, அவள் தம்பி வன்னியபெருமாள் எழுந்துபோய் அறை வாசலை மறித்து நின்றுகொண்டார்.

"தள்ளுலே. ஒம் பொண்டாட்டியக் குளிப்பாட்டணும். பொம்பளைங்க எல்லாம் எவ்வளவு நேரமா காத்துக் கெடக்காவ."

முற்றத்தில் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். துறைமுகத்துக்குப் போகிற உப்பு லாரிகளுக்குத் தார்ப்பாய் விற்கிற வன்னியபெருமாளை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாத தம்பி. அந்த நல்ல பெயருக்கு இன்றைக்குத்தான் கேடுகாலம் வந்திருந்தது.

உள்ளே கட்டிலில் செல்வலட்சுமி கிடந்தாள். விடியற்காலையில் உயிர் போயிருந்தது. இடது மார்பை எடுத்துப் போட்ட பிறகும் தழும்பின் ஓரத்திலேயே புற்று திரும்பி வந்து புண்ணாகிவிட்டது. வந்து பார்த்தவர்களிடமெல்லாம் "வயித்துல கட்டி" என்றே சொல்லி வைத்திருந்தாள். பெற்ற மகள் இந்துமதிக்குக்கூட அவள் அதைக் காட்டியதில்லை.

புண்ணுக்கு மருந்து வைத்தவர் வன்னியபெருமாள். சொல்லிக்கொடுத்தது போன். ஆஸ்பத்திரியில் அதில் ஒரு ஏஐ ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். தமிழில் கேட்டால் ஒரு பெண்குரல் தமிழிலேயே பதில் சொல்லும். நாற்றம் வந்தால் என்ன செய்ய, ரத்தம் கசிந்தால் எப்போது டாக்டரைக் கூப்பிட என்று, ஒருத்தரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாததையெல்லாம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதனிடம் கேட்பார். செய்தி வாசிக்கிற தமிழில் அதுவும் சலிக்காமல் சொல்லும். செல்வலட்சுமி அதைப் 'பிள்ள' என்றுதான் கூப்பிடுவாள்.

போன வாரம் அவர் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது, அவள் சுவரைப் பார்த்தபடி போனிடம் கேட்டாள்.

"ஏ பிள்ள, நான் செத்தா குளிப்பாட்டுவாவல்லா? அப்ப எல்லாரும் இதப் பாத்துருவாவளே."

"உங்கள் பயம் புரிகிறது. உங்கள் விருப்பத்தை நம்பிக்கையான ஒருவரிடம் இப்போதே சொல்லி வைக்கலாம். அப்படி யாராவது இருக்கிறார்களா?"

"இருக்காவ. கேட்டுக்கிட்டுதான் இருக்காவ."

அவர் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். சரி என்று சொன்னால் அவள் சாகப்போவதை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமே என்று பயம். அந்த ஒரு சொல்லைக்கூடக் கேட்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இங்கன உள்ள வச்சே நான் குளிப்பாட்டுதேங்க்கா."

"கிறுக்கு பிடிச்சிட்டாலே ஒனக்கு? ஆம்பள குளிப்பாட்டுத வழக்கம் எங்கன இருக்கு? மகராசியாப் போயிருக்கா. மஞ்சள் தேய்க்க நாங்க இல்லியா?"

"மஞ்சளக் கொண்டா. நான் தேய்க்கேன்."

"ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும்."

முற்றத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இசக்கியம்மாள் தம்பியின் முகத்தையே பார்த்தாள். என்ன பிடிபட்டதோ, குடங்களையும் மஞ்சளையும் அறைக்குள் வைக்கச் சொன்னாள். இந்துமதியை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி வாசலுக்குக் குறுக்கே சேலையைப் பிடித்தாள். இருவரும் அறைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

வன்னியபெருமாள் ஜாக்கெட்டின் கொக்கிகளைக் கழற்றினார். கட்டைப் பிரித்து எடுத்தார். பஞ்சு ஒட்டியிருந்த இடத்தில் இழுக்காமல் மெள்ள நனைத்து எடுத்தார். பிறகு குடத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"யக்கா."

"என்னலே?"

"தண்ணி சில்லுன்னு கெடக்கு. கொஞ்சம் வெந்நி வேணும்."

இழவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. இசக்கியம்மாள் சேலை முனையைப் பக்கத்தில் நின்றவள் கையில் கொடுத்துவிட்டு, ஒரு செம்பை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு அடுப்படிக்குப் போனாள்.