மதகோரப் பள்ளத்துச் சேறு

என் பெயர் மருதேவி. ஆறு வயதில் எங்கள் ஊர் ஏரியில் மூழ்கிப்போன அத்தையின் பெயரை எனக்கு வைத்துவிட்டார்கள். செத்த பிள்ளையின் பெயரைச் சுமப்பது சுகமான காரியமில்லை. அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்போம். நைனா என்னைக் கூப்பிடும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் யாரையோ பார்ப்பார்.

அத்தை மூழ்கியது 1964 ஐப்பசியில். உடல் கிடைக்கவில்லை. அடுத்த கோடையில் ஏரி வற்றியதும் ஊரார் உடலைத் தேட மண்வெட்டியோடு வந்தார்கள். தாத்தா தடுத்துவிட்டார். நாங்கள் சமணர்கள், மண்ணைத் தோண்டினால் உயிர்கள் சாகும் என்று கிழங்குகூடத் தொடாதவர் அவர். நைனாவுக்கு அப்போது பதினைந்து வயது. "புழு சாவும்னு பெத்த பொண்ண சேத்துல விட்டுட்டாரு," என்று அன்றோடு தாத்தாவிடம் பேச்சை நிறுத்தினார். கொள்ளி வைக்கக்கூட வரவில்லை.

இந்த வருடம் அதே ஏரியை ஆய்வுக்கு எடுத்தேன். எங்கோ வெடித்த அணுகுண்டுகளின் தூசு மழையோடு இறங்கி ஏரிச் சேற்றில் படிந்திருக்கிறது. அது மிக அதிகமாக இருக்கும் அடுக்கு 1963. அதற்கு மேல் எவ்வளவு சேறு சேர்ந்திருக்கிறது என்பதை வைத்து மற்ற ஆண்டுகளைக் கணக்கிடலாம். நைனாவிடம் சொல்லாமல் செஞ்சியில் அறை எடுத்துத் தங்கி, யாரும் வண்டல் அள்ளாத மதகோரப் பள்ளத்தில் சேற்றை அடுக்குக் கலையாமல் எடுக்க ஏழு இடங்களில் குழாய் இறக்கினேன்.

ஆய்வகத்தில் அளந்தபோது இரண்டு குழாய்களில் 1963 பளிச்சென்று தெரிந்தது. ஐந்தில் மேலும் கீழுமாகக் கலைந்து கிடந்தது. எவனோ என் வேலையைக் கெடுத்துவிட்டான் என்று எரிச்சல்தான் வந்தது. வண்டல் எடுப்பவன் மண்ணை அள்ளிக்கொண்டு போவான். இங்கே கிளறிப் பார்த்துவிட்டு அப்படியே மூடியிருக்கிறார்கள். கலைந்த சேற்றுக்கு மேல் படிந்ததன் கனத்தை அளந்தேன். ஐந்தும் ஒரே ஆண்டில் தோண்டியதல்ல. முதலாவது ஏறக்குறைய 1965. கடைசி 1974. 1965 அத்தை மூழ்கியதற்கு அடுத்த கோடை.

வீட்டுக்குப் போய் நைனாவிடம் சொன்னேன்.

"கோடையானா உங்க தாத்தா உச்சி வெயில்ல தோப்புக்குப் போறேன்னு போவாரு. வந்து கைய கழுவிக்கினே இருப்பாரு. இன்னான்னு நான் கேட்டதே இல்ல."

பிறகு என்னைப் பார்த்தார். "கெடச்சாளா?"

"தாத்தா எப்ப செத்தாரு நைனா?"

"எழுவத்தஞ்சு, தை மாசம்."

"கெடச்சிருந்தா எழுவத்தி நாலு வரைக்கும் தோண்டியிருக்க மாட்டாரு."

நைனா எழுந்து ஏரிப் பக்கத்து ஜன்னலைத் திறந்தார். வெளியே யாருமில்லை.

"நைனா," என்று கூப்பிட்டார். அறுபது வருடத்தில் தன் அப்பாவை அவர் கூப்பிட்டது அன்றுதான்.