கண்கட்டு அவிழ்ந்த படம்

கூடத்துப் படத்தில் அறியாமையின் கண்கட்டைத் துடைத்தெடுத்த மறுவாரம், பள்ளியின் கணக்கு வாத்தியாருக்கு எழுத்து மறந்துபோனது. மூக்குக்கண்ணாடியை மாற்றிப் பார்த்தார். டாக்டர் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார். அடுத்து வரலாற்று டீச்சருக்கும் அதே கதி. பெரிய கூடத்தின் பின்சுவரை அடைத்துக்கொண்டிருந்த படம் அது. பளிங்குத் தூண்களுக்கு நடுவே வெள்ளை அங்கி அணிந்த கல்வி, ஒரு கையில் விளக்கோடு, இன்னொரு கையால் ஒரு குழந்தையைப் படியேற்றிக்கொண்டிருப்பாள். கீழ்ப்படியில் அறியாமை என்பவள் கண்ணில் கறுப்புத் துணியோடு சாய்ந்து கிடப்பாள். பிள்ளைகள் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததால் தப்பித்தார்கள். பாடம் நடத்துகிறவர்கள்தான் நாள் முழுக்க அவள் முகத்தில் விழித்தார்கள்.

துடைத்தவரை எல்லோரும் படத்துக்காரர் என்பார்கள். பழைய படங்களில் அழுக்கெடுப்பது அவர் பிழைப்பு. மருந்தில் நனைத்த பஞ்சு பட்டதும் சட்டென்று கரைகிற சாயம் பிற்பாடு யாரோ பூசியது என்பது அந்தத் தொழிலில் பாலபாடம். கறுப்புத் துணி தொட்டவுடன் கரைந்தது. அடியில் இரண்டு அழகான கண்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வரைந்தவரே கண்களை வரைந்துவிட்டு, பிறகு பயந்துபோய் மூடியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதே கூடத்தில் அவர் மனைவி இலக்கியம் நடத்தினார்.

படத்துக்காரர் மறுபடி கறுப்பு பூசினார். விடிவதற்குள் அது வழிந்து தரையில் கிடந்தது. திரை போட்டார்கள், சுவரில் ஈரம் கசிகிற மாதிரி கண்கள் திரைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டன. கழற்ற வந்த தச்சர், சுவர் இல்லாமல் படம் வராது, கூரை இல்லாமல் சுவர் வராது என்று சொல்லிவிட்டு உளியை எடுத்துக்கொண்டு போனார்.

“நீ லீவு போட்டுடேன்” என்று மனைவியிடம் கெஞ்சினார்.

“நான் போகலைன்னா வேற யாராவது அங்க நிக்கணும். அவங்க மட்டும் என்ன பாவம் பண்ணாங்க?”

மனைவிக்கு வாசிப்பில் முதலில் நீளமான சொற்கள் போயின, பிறகு குட்டிச் சொற்கள், கடைசியில் தன் பெயர். படத்துக்காரர் கூடத்துக்கு ஓடி, அந்தக் கண்களுக்கு நேரே நின்றார். பார்வை அவர் தோளைத் தாண்டிப் போனது. பக்கவாட்டில் நகர்ந்தார், அதுவும் விலகிக்கொண்டது. கண்ணைத் திறந்துவிட்டவருக்கு அவள் காட்டிய நன்றி அது. அவருக்கு ஓர் எழுத்துகூட மறக்கவில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதார்.

பள்ளி நின்றுவிடவில்லை. எழுத்து போனவர்களுக்கு வீட்டில் யாராவது வாசித்துக் காட்டுவது வழக்கமாகிப்போனது. மாப்பிள்ளை வாத்தியார் என்றால், பெண்ணுக்கு உரக்க வாசிக்க வருமா என்றுதான் இப்போது முதலில் விசாரிக்கிறார்கள். இலக்கியம் என்றாலே கொட்டாவி விடும் படத்துக்காரரும் சாயங்காலமானால் புத்தகத்தோடு மனைவி எதிரில் உட்கார்ந்துவிடுவார்.

“மெதுவா படிங்க” என்பார் மனைவி, கண்ணை மூடிக்கொண்டு. “எந்த இடத்துல பக்கத்தைத் திருப்பணும்னும் சொல்லுங்க. நாளைக்கு நான் பார்த்துப் படிக்கிற மாதிரி நிக்கணும்.”

“இங்கதான்” என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்தைத் திருப்பினார்.