எழும்பிவிடாதே, பிள்ளை

...எழும்பப் போகிறாள், இல்லை, காலுறையைத்தான் இழுத்துவிடுகிறாள், அப்பாடா, இருந்த இடத்திலேயே இரு பிள்ளை, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இந்தக் கண்டறியாத மௌனம் முடிய இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது, அதுவரைக்கும் வாயைத் திறக்காமல் இரு. இதுவும் ஒரு கும்பிடும் இடமாம், சிலுவை இல்லை, விளக்கு இல்லை, ஒரு படம்கூட இல்லை, நாலு பக்கமும் வாங்குகளைப் போட்டு ஆளை ஆள் பார்த்தபடி இருத்திவைத்திருக்கிறார்கள், குவேக்கர் என்று ஒருவகை வேதக்காரர், அவர்களுடைய பள்ளிக்கூடம், ஒவ்வொரு வியாழன் காலையும் பிள்ளைகள் இப்படிப் பேசாமல் இருக்க வேண்டும், தவணைக்கு ஒருநாள் தாய் தகப்பனும் வந்து கூட இருக்க வேண்டும். பேசாமல் இருப்பதோடு விட்டால் பரவாயில்லை, எனக்குப் பேசாமல் இருக்க நல்லாய்த் தெரியும்... ஆனால் யாருக்காவது மனதுக்குள் ஏதும் முட்டினால் எழும்பிச் சொல்லலாமாம், பெரியவர் சின்னவர் என்றில்லையாம், சொன்னதற்கு மற்றவர்கள் பதில் சொல்லக் கூடாதாம். அதற்காகத்தான் சான்ட்விச் பக்டரியில் அரைநாள் லீவு கேட்டு, சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கி, டூட்டிங்கிலிருந்து ரயில் மாறி மாறி வந்து இவளுக்கு நேர் எதிரே இருக்கிறேன், கண்ணாலேயே இருத்திவைக்க.

நேற்றுப் பின்னேரம் நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, நாளைக்கு மீட்டிங்கில எழும்பி என்ர பேரைச் சொல்லப்போறன்." உன்ர பேர்தான் அங்க எல்லாருக்கும் தெரியுமே என்றேன், விளங்காத மாதிரி, விளங்கினபடியால்தான் கத்தியைக் கீழே வைத்தேன். "அது கலான்ர பேர். என்ர பேர் செல்வமலர்." எப்படி அடித்தேன் என்று தெரியாது, கன்னத்தில், பளார் என்று, இந்த நாலு வருடத்தில் ஒருநாளும் கை நீட்டாத நான். அவள் அழவில்லை, சனியன், அழுதிருக்கலாம், கன்னத்தைப் பொத்திக்கொண்டு கேட்டாளே ஒரு கேள்வி, "இப்ப நீங்கள் அடிச்சது ஆருக்கு? எனக்கோ, கலாவுக்கோ?"

ஆருக்கு... கலாவதி என் வயிற்றில் பிறந்தவள், எண்பத்தேழு ஐப்பசியில் ஷெல் விழுந்தபோது எட்டு வயது, கிணற்றடியில் நின்றாள், ஊரடங்கு, சுடலைக்குக் கொண்டுபோக ஏலாது, வளவுக்குள்ளேயே தாட்டோம், மண்வெட்டி பிடித்தது தங்கச்சியின் புருசன். கலாவின் அப்பா, இவர், அதற்கு முதலே லண்டன் வந்துவிட்டார், எங்களைக் கூப்பிட எழுதிப்போட்ட பேப்பர் கலா போய் மூன்று மாதம் கழித்து வந்தது, தாயும் மகளும் என்று. பிள்ளையின் பேரும் பிறந்த தேதியும் என் பாஸ்போட்டிலேயே இருந்தன, படம் இல்லை. தங்கச்சி கமலாம்பிகைதான் சொன்னாள், அக்கா, பேப்பரை ஏன் வீணாக்குவான், என்ர பிள்ளையைக் கொண்டு போ, இவளாவது இருக்கட்டும் என்று. செல்வமலர் கலாவைவிட ஒரு வயது இளையவள், அதனால்தான் வகுப்பில் எல்லோருக்கும் தோளளவுக்கு நிற்கிறாள், இங்குள்ள ரீச்சர்மார் பிள்ளைக்குச் சத்து காணாது என்கிறார்கள். ஹீத்ரோவில் அந்த ஒபிசர் பார்த்துக்கொண்டு நிற்க, இவர் கையை விரித்தபடி ஓடிவந்து "கலா!" என்று கத்தினார், தன் மகள் செத்தது தெரிந்த மனுசன், கடிதத்தில் எழுதியிருந்தேன், கண்ணால் தண்ணீர் ஓட ஓடக் கத்தினார், ஒபிசர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்திவிட்டான். அன்றைக்குத் தொடங்கியது, வீட்டுக்குள்ளும் கலாதான், வாய் தவறக் கூடாதே, என்னைப் பெரியம்மா என்று கூப்பிட வேண்டியவள் அம்மா என்றாள். பெற்றவளே கடிதத்தில் "கலாவதி வடிவாய்ச் சாப்பிடுகிறாளோ" என்றுதான் எழுதுகிறாள், வழியில் யாரும் உடைத்துப் படித்துவிடுவார்கள் என்ற பயம்.

யாரோ எழும்புகிறார்கள், ஐயோ... இல்லை, கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரச் சிறுமி. தன்னுடைய ஹாம்ஸ்டர் செத்துப்போனதாம், தீன் வைத்தேன் என்று அம்மாவிடம் சொன்னது பொய்யாம், வைக்க மறந்துபோனதாம், சொல்லிவிட்டு இருந்துவிட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை, தாய்க்காரி எதிரே தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறாள். ஒரு எலிக்கு இவ்வளவு உண்மையா? உங்களுக்கென்ன அம்மா, நீங்கள் உண்மை சொன்னால் ஒருவரும் பிளேன் ஏற்றி அனுப்பமாட்டார்கள். எல்லாம் அந்த ஹெலன் ரீச்சர் செய்த வேலை, மிஸ் என்று கூப்பிடக்கூட விடமாட்டாள், பேர் சொல்லத்தான் வேண்டுமாம், அவள்தான் வகுப்பில் சொல்லியிருக்கிறாள், எங்கள் ஆட்கள் கோர்ட்டில்கூடச் சத்தியம் செய்வதில்லை, சத்தியம் செய்தால் மற்ற நேரம் சொல்வது பொய் என்றாகிவிடும், எங்களுக்கு உண்மை ஒன்றுதான் என்று. நல்ல மனுசி, இல்லையென்று சொல்லமாட்டேன், முந்தின பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் தலையில் துப்பினார்கள், இவள்தான் கேட்டலைந்து இந்தப் பள்ளிக்கூடத்தில் காசில்லாமல் இடம் எடுத்துத் தந்தாள். ஆனால் எங்கள் பேப்பர் இன்னும் ஹோம் ஒபிசில் கிடக்கிறது, இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க விடுவார்களோ தெரியாது, ஒரு சொல் வெளியே போனால் போதும், இந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பினால்... கமலாம்பிகையின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

உன்னையே கேட்டுப் பார், அதற்குத்தான் பயமா தவமலர்? அதற்கு மட்டும்தானா? காலையில் "கலா எழும்பு" என்று கத்துகிறாயே, ஒரு தரம் போதும்தானே, ஏன் மூன்று தரம் கத்துகிறாய்? பஸ் பாசில் கலாவதி, நூலக அட்டையில் கலாவதி, பல்லு டொக்டரிடம் கலாவதி சபாரத்தினம் என்று கூப்பிடும்போது நீ எவ்வளவு ஆசையாய் எழும்பிப் போகிறாய். ஒரு படத்துக்கு மாலை போட்டாயா, ஒரு நாள் விளக்கு வைத்தாயா, உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு எப்படி வைப்பது... இவள் எழும்பித் தன் பேரைச் சொன்னால் அந்த நிமிடம் என் பிள்ளை செத்துப்போவாள். அதுதான் எனக்குப் பயம். ஹோம் ஒபிஸ் பிறகு.

எழும்பிவிட்டாள். நான் கண்ணை உருட்டுகிறேன், அவள் என்னைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்க்கிறாள், ஆங்கிலத்தில், சின்னக் குரலில், எனக்கும் விளங்குகிற மாதிரி மெல்ல மெல்லச் சொல்கிறாள்... எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை செத்துப்போனாள். எட்டு வயது. ஊஞ்சலில் எனக்குத்தான் முதல் இடம் தருவாள். அவளுக்காக வீட்டில் ஒருவரும் அழவில்லை, அழ ஏலாது. நான் அவளை நினைக்கிறேன். அவ்வளவுதான், இருந்துவிட்டாள். பேர் சொல்லவில்லை, தன் பேரும் இல்லை, அவள் பேரும் இல்லை. எங்கோ ஒருவர் இருமினார்.

பிறகு ஹெலன் பக்கத்திலிருந்தவருக்குக் கை கொடுத்தாள், அதுதான் இவர்களுக்கு முடிவு, எல்லோரும் எழும்பிக் கை கொடுத்தார்கள், கோட்டுகளைத் தேடினார்கள். ஹெலன் நேரே என்னிடம் வந்து என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தாள், ஒரு கேள்வியும் கேட்கவில்லை, உங்களுக்கு நல்ல மகள் என்றாள். தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம், நாலு வருடம் ஆட்டின தலைதானே. "டூ," என்றேன். "டூ டோட்டர்ஸ்." இரண்டு மகள்மார் என்று என் வாய்தான் சொன்னது. போன வருடம் பள்ளிக்கூடப் படிவத்தை நிரப்பித் தந்தவள் இவள்தான், ஒரே பிள்ளை என்று நான் சொல்லச் சொல்ல எழுதினவள், பொய் சொல்லத் தெரியாத மனுசி, நாளைக்கு யாரும் வந்து கேட்டால் என்ன சொல்வாள்? கையை அவள் விடவில்லை, பேசாமல் காத்துக்கொண்டு நிற்கிறாள், காத்திருக்க இவர்களுக்குச் சொல்லியா தரவேண்டும். அவள் தோளுக்கு மேலால் பார்க்கிறேன், கதவடியில் பிள்ளை, பாதி போட்ட கோட்டோடு, என்னையே பார்த்துக்கொண்டு, வேண்டாம் அம்மா, வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள், முகம் வெளிறிப்போயிருக்கிறது. அவளைத் தடுக்க வந்தவள் நான், இப்போது அவள் என்னைத் தடுக்கிறாள், நான் இதோடு நிறுத்துவேனோ என்று எனக்கே தெரியவில்லை.